முழங்கால் உயரத்தில் ஒரு நாள்காட்டி

வீடு பார்க்க வந்த அன்றே கேட்டேன்,
முழங்கால் உயரத்தில் யார் நாள்காட்டி மாட்டுவார்கள் என்று.
முன்பு இருந்தவர்களின் குழந்தை
மீன் படம் பார்க்க ஆசைப்பட்டதாம்.
ஏஜென்ட் சிரித்தார். நானும் சிரித்தேன்.
ஆயிரத்து நூறு வெள்ளி, இரண்டரை மாத டெபாசிட்,
நான்காவது மாடி, ஜன்னலைத் திறந்தால் குன்று.
அது பிப்ரவரி. காய்ந்த மாதம்.
சுவர்களெல்லாம் நல்ல பிள்ளைகள்.

செப்டம்பரில் குன்றிலிருந்து மழை இறங்கி வந்தது.
முதலில் மீன்கள் உப்பின.
ஒரு விடியற்காலை தாள் தானாகச் சுருண்டு விழுந்தது.
பின்னால் உள்ளங்கை அளவு கறுப்பு.

ஆயர் ஈத்தாம் என்றாலே கறுந்தண்ணீர்.
ஊர் தன் பெயரிலேயே சொல்லிவிட்டது,
நான்தான் ஒப்பந்தத் தாளில் தேடிக்கொண்டிருந்தேன்.

மிஸ்டர் குவாவுக்குப் பன்னிரண்டு படங்கள் அனுப்பினேன்.
ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.
இன்னும் பன்னிரண்டு அனுப்பினேன்.
ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார்.
திறந்தால் மழை.
மூடினால் எங்கள் மூச்சே கண்ணாடியில் வழியும்.
நீங்கள் அதிகம் சமைக்கிறீர்கள் என்றார்.
ஆமாம், மூன்று வேளை.
மன்னிக்கவும்.

ஓதம் என்பது வெறும் ஈரம் இல்லை.
அப்பளம் உடையாமல் வளையும்.
இவருடைய பெல்ட்டுக்குப் பச்சை மீசை முளைக்கும்.
என் கூறைப்புடவையை விரித்தால்
மடிப்புதோறும் ஒரு சாம்பல் கோடு.
உப்பு ஜாடியைத் தட்ட வேண்டும், கெஞ்ச வேண்டும்.

குளோரோக்ஸ், வினிகர், தேய்ந்த பல் பிரஷ்.
மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு
வேலை முடிந்து வந்த இரவுகளில் தேய்ப்பேன்.
வெளுக்கும்.
மூன்று நாள் என்னைத் தெரியாதது போல் நிற்கும் சுவர்
நான்காம் நாள் எள் சிந்தியிருக்கும்.

தனுஷா தூக்கத்தில் விசிலடிக்கத் தொடங்கினாள்.
அவள் மெத்தையைச் சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்தோம்.
பிறகு இரண்டு முழம்.
பிறகு கூடத்துக்கே.
அறையை ஓதத்துக்கு விட்டுவிட்டு
வாடகையை மட்டும் முழுதாகக் கட்டினோம்.

மேல்வீட்டுப் பர்மாக்காரரிடம் சண்டைக்குத்தான் போனேன்.
கதவைத் திறந்தவர் ஒன்றும் பேசாமல்
தன் கூரையைக் காட்டினார்.

காலி செய்கிறோம் என்றதும்
மிஸ்டர் குவா ஒப்பந்தத்தைப் படம் பிடித்து அனுப்பினார்.
சுவரில் கறை இருந்தால் டெபாசிட்டில் கழிவு.
கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள்.
இவர் வாங்கி வந்த வெள்ளைச் சாயம்
ஆறாம் நாளே உளறிவிட்டது.
அதே ஆணி இருந்தது.
மளிகைக் கடையில் கொடுத்த புது நாள்காட்டியை
குனிந்து மாட்டினேன். இந்த முறை மயில்.

சனிக்கிழமை வீடு பார்க்க வந்தவள் பெயர் லோகேஸ்வரி.
ஏழாம் மாதம். நான்கு மாடி ஏறிய மூச்சு அடங்கும்வரை
இடுப்பில் கை வைத்து நின்றாள்.
"அக்கா, காலண்டர் ஏன் இவ்ளோ கீழ?"

ஏஜென்ட் என்னைப் பார்த்தார்.
என் வாயில் ஒரு பதில் ஏற்கெனவே இருந்தது,
யாரோ குடியிருந்து விட்டுப்போன பதில்.
குழந்தை, மயில், ஆசை,
எல்லாம் பொருந்தும்.
இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பது வெள்ளியும்
அந்த ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

நாள்காட்டியைக் கழற்றினேன்.
கையை வச்சுப் பாரும்மா என்றேன்.
அவளால் குனிய முடியவில்லை.
அவள் கணவன் மண்டியிட்டு உள்ளங்கையை வைத்தான்,
காய்ச்சல் பார்ப்பதுபோல்,
வெகுநேரம்.

மாலையில் ஏஜென்ட் அழைத்தார்.
குரலில் சிரிப்பு இல்லை.
வாடகையில் ஐம்பது வெள்ளி குறைத்துக் கேட்டார்களாம்,
எடுத்துக்கொள்கிறார்களாம்.
இந்த விலைக்கு வேறெங்கே கிடைக்கும்?

அந்தப் பெண் ஒன்று கேட்கச் சொன்னாளாம்:
நீங்கள் எங்கே படுத்தீர்கள்?

கூடத்தில் என்றேன்.
விசிறிக்கு நேர் கீழே.